அடியில் ஒரு முடியளவு

சுழல்கிற எஃகுப் பின் தகட்டுக்குள் இறங்கி, அதன் தோள் தகட்டின் மேல் உட்கார்ந்து, கீச்சென்று கத்திக்கொண்டிருந்த மெஷின் கனத்த ரீங்காரத்துக்கு மாறியதும் குணவதிக்கு வயிற்றில் இதமாக ஏதோ பரவியது. பசித்துக் கிடந்தவளுக்கு முதல் கவளம் இறங்கும்போது பரவுமே, அந்த இதம். இனிப் பத்து நிமிடம். அறுபது சென்டிமீட்டர் தகடு, நிமிடத்துக்கு ஆறு சென்டிமீட்டர் வேகம். இதற்குக் கணக்கு வாத்தியார் தேவையில்லை, ஆனாலும் அவள் மூன்றாம் முறையாக மனசுக்குள் வகுத்துப் பார்த்தாள். மூன்று முறையும் பத்துதான் வந்தது, மூன்று முறையும் சந்தோஷமாக இருந்தது. மெஷின் மேடையில் ஒட்டியிருந்த எஃகு அடிக்கோலில் பின் இப்போது ஒன்றரையைத் தாண்டியிருந்தது. பச்சைப் பட்டனைத் தனசீலன்தான் அமுக்கினான், தன் கையால், தன் ஆள்காட்டி விரலால். தகட்டைச் சோதிக்க வந்திருந்த இன்ஸ்பெக்டர் ஆல்பர்ட் சார் பார்க்கும்படி கொஞ்சம் விறைப்பாக நின்று அமுக்கினான். அமுக்கிவிட்டு, "அண்ணி, பாத்துக்குங்க. சாருக்கு ஒரு டீ குடுத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஆல்பர்ட் சாரைக் கண்ணாடி அறைக்குக் கூட்டிப்போனான். பட்டறைக்குள் பிறர் முன்னால் அவன் அவளை அண்ணி என்று கூப்பிடுவதில்லை. இன்றைக்குக் கூப்பிட்டுவிட்டான். வாய் தவறியிருக்கும், அல்லது நல்லவன் வேஷம் கட்டியிருப்பான். இரண்டில் எதுவானாலும் அவளுக்கு இப்போது கவலையில்லை, ஏனென்றால் சுழன்றுகொண்டிருக்கிற அந்தப் பின்னின் நீளம் அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவளுடைய கணவனின் தம்பி, அவள் கையால் பதினோரு வருஷம் சோறு தின்றவன், துவாக்குடியில் இந்தப் பட்டறையின் தரக்கட்டுப்பாட்டுப் பொறுப்பாளன், இன்னும் பத்து நிமிடத்தில், தப்பு, ஒன்பதரை நிமிடத்தில், தன் குழியைத் தானே முழுசாகத் தோண்டி முடித்திருப்பான். மண்வெட்டியைக்கூட அவள் எடுத்துக் கொடுக்கவில்லை.

வேடிக்கையான வெல்டிங் இது. முதல் தடவை பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவார்கள். பொறி இல்லை, புகை இல்லை, கறுப்புக் கண்ணாடி வேண்டாம். இரண்டு அலுமினியத் தகடுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்து இறுக்கிப் பிடித்து, கட்டைவிரல் கனத்தில் ஓர் எஃகு உருளையைச் சுழலவிட்டு அழுத்துகிறார்கள். உருளையின் விளிம்பு, அதற்குத்தான் தோள் என்று பெயர், மேலே தேய்த்துச் சூடேற்றும். நுனியில் நீட்டிக்கொண்டிருக்கிற பின் உள்ளே போய்க் கிண்டும். அலுமினியம் உருகாது, குழையும். அடுப்பில் களி கிண்டுகிற மாதிரிதான், துடுப்பு அடிவரை போக வேண்டும், போகாவிட்டால் அடியில் மாவு மாவாகவே நிற்கும். தகடு ஆறு மில்லிமீட்டர் என்றால் பின் ஐந்து புள்ளி எட்டு இருக்க வேண்டும். மிச்சமிருக்கிற கொஞ்சத்தைச் சூடும் அழுத்தமும் பார்த்துக்கொள்ளும். இப்போது சுழல்கிற பின் ஐந்து புள்ளி ஐந்து. போன வாரம் நுனி சிதைந்திருக்கிறது என்று தனசீலன்தான் டூல் ரூமில் கொடுத்துத் தேய்த்து வாங்கினான். தேய்த்தால் குறையும். குறைந்ததை அளந்து பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிற சீட்டில் மாற்றி எழுத வேண்டும். பெரிய மனிதர்கள் சீட்டு மாற்றுவார்களா. நேற்றுச் சாயங்காலம் பெட்டியைத் துடைக்கும்போது சும்மாதான் அவள் ஆழம் அளக்கிற டெப்த் கேஜை எடுத்து அந்தப் பின்னின் மேல் வைத்தாள். சும்மா என்றால் சும்மாவா. பதினான்கு மாதமாகத் துடைக்கிற துணியும் அசிட்டோனும் பிரஷ்ஷும் தவிர வேறெதையும் பிடிக்காத கை அது, ஒரு அளவுகோலைப் பிடித்துப் பார்க்க ஆசைப்பட்டது. முள் ஐந்தரையில் நின்றது. மறுபடி வைத்தாள், ஐந்தரை. பெட்டிச் சீட்டைப் பார்த்தாள், ஐந்து புள்ளி எட்டு. பக்கத்தில் யாரும் இல்லை. பின்னைப் பெட்டியில் வைத்து மூடியை அழுத்தினாள். இன்று காலை தனசீலன் அந்தப் பெட்டியைத் திறந்தான், மெஷினில் மாட்டினான், தோள் தகட்டைத் தொடுகிற இடத்தைப் பூஜ்யம் என்று வைத்தான். தோளை மட்டும் வைத்துப் பூஜ்யம் பார்த்தால் பின் குட்டையா நெட்டையா என்று மெஷினுக்கு எப்படித் தெரியும். செட்டப் தாளில் பின் நீளம் என்ற கட்டத்தில் பெட்டிச் சீட்டைப் பார்த்து ஐந்து புள்ளி எட்டு என்று எழுதினான், அளந்தவர் என்ற கட்டத்தில் சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டான். அவள் தகட்டின் விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே அந்தக் கையெழுத்தைப் பார்த்தாள். என்ன அழகான கையெழுத்து.

எட்டு சென்டிமீட்டர். பின் போன பாதையில் பளபளவென்று அரைவட்ட வரிகள் விழுந்துகொண்டே வந்தன, ஒன்றன்மேல் ஒன்று, மீன் செதில் அடுக்கின மாதிரி. மேலே பார்த்தால் குறை சொல்ல முடியாது. எக்ஸ்ரே எடுத்தாலும் சொல்ல முடியாது. அடியில் ஒரு முடியளவுக்கு இரண்டு தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், ஒட்டியிருக்காது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு முகம் பார்த்துப் பேசாதவர்கள் மாதிரி. நினைத்ததும் தன்னையே நினைத்தது போல் ஆகிவிட்டது. சே, இதற்கு அவள் வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். போன வருஷம், அன்றைக்கு மணி இரண்டிருக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து போன். "உங்க பொண்ணு பெரிய மனுஷியாயிட்டா, ரெஸ்ட் ரூம்ல உக்காந்து அழறா, யாராவது வாங்க" என்று டீச்சர் சொன்னாள். கணவன் பாலு பள்ளி வேன் ஓட்டுகிறவர், சவாரியில் இருந்தார், எடுக்கவில்லை. கையில் பாதித் தகடு. வெளியே போக வேண்டுமானால் கேட் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும், டைம் கீப்பரிடம் கையெழுத்து வாங்க வேண்டும், அந்த ஆள் என்ன வேலை என்ன அவசரம் என்று பல்லைக் காட்டிக்கொண்டு தோண்டுவான், மகள் பெரியவளான சேதியை அந்தப் பல்லுக்கு எதிரில் எப்படிச் சொல்வது. தனசீலனிடம் மட்டும் சொன்னாள். அவன் முகம் எப்படி மலர்ந்தது. "போங்க அண்ணி, பின்னாடி கேட்டு வழியா போங்க. நா பாத்துக்கறேன். பாப்பாவுக்கு ஏதாவது வாங்கிட்டுப் போங்க" என்றான். அந்த மலர்ச்சி பொய்யில்லை, அதை இன்றைக்கும் அவள் சாதிப்பாள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பொய்யாக மலர்ந்திருந்தால் அவனைக் கயவன் என்று ஒரு மூலையில் தள்ளிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அவள் போனபின் மீதி நான்கு தகட்டையும் அவனே ஓட்டினான். லாரி காத்திருந்ததாம். வேகத்தை இரண்டு மடங்காக்கினான். வேகம் கூடினால் குழைவதற்கு நேரம் பத்தாது, உள்ளே எலி வளை மாதிரி நீளமாக ஓட்டை ஓடும், இது அவனுக்குத் தெரியாததா, அவனுக்குத் தெரியாதென்றால் வேறு யாருக்குத் தெரியும். ஓட்டி முடித்து ஒவ்வொரு தகட்டின் ஓரத்திலும் ஆபரேட்டர் எண்ணைப் பஞ்ச் என்கிற எஃகு அச்சால் அடிக்க வேண்டும். அன்றைய வேலை அட்டை அவளுடையது. பதிவேட்டின்படி அவள் வெளியே போகவே இல்லை. அவளுடைய பஞ்சை எடுத்து, அவளுடைய பதினேழை வைத்து, சுத்தியலால் நான்கு முறை அடித்தான். நான்கு அடி. மடேர் மடேர் என்று அவள் காதில் அது கேட்கத்தான் செய்கிறது, அந்த நேரத்தில் அவள் மூன்று கிலோமீட்டர் தள்ளி மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள் என்றாலும்.

பதினைந்து. இல்லை, பதினாறு. இரண்டு வாரத்தில் தகடு திரும்பி வந்தது, நீர் அழுத்தம் கொடுத்ததும் கசிகிறது என்ற கடிதத்தோடு. அந்த வாரம்தான் வீட்டில் சடங்கு. பந்தல்காரனைப் பிடித்ததும் வாழைமரம் கட்டியதும் தனசீலன். சீர்த் தட்டுகளை வரிசையாக அடுக்கி வைத்ததும் தனசீலன். போட்டோவில் அவள் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பதும் தனசீலன், சட்டைப்பைக்குள் அந்தக் கடிதத்தின் நகல் இருந்திருக்கும். திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். "பதினேழு யாரு?" என்றார். அவள் தனசீலனைப் பார்த்தாள். அவன் தன் ஷூவைப் பார்த்தான், ஷூவில் அப்படி என்ன எழுதியிருந்ததோ. நான் அன்றைக்கு இங்கேயே இல்லை என்று சொல்லலாம். சொன்னால் சீட்டு இல்லாமல் பின்பக்க கேட்டு வழியாகப் போனதற்கு வேலையே போகும். "நான்தான் சார்" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்காகப் பதினான்கு மாதம். எண்ணைப் பிடுங்கினார்கள், பஞ்சைத் தனசீலனின் மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார்கள், அவளைத் துடைக்கும் மேசைக்கு அனுப்பினார்கள். ஐடிஐயில் ஃபிட்டர் படித்த ஒரே பெண், இந்த மெஷின் வந்த நாளிலிருந்து அதைத் தொட்டவள், தலையை இரண்டரை டிகிரி சாய்த்தால்தான் பின்னுக்குப் பின்னால் தகடு இறுகுகிறது என்று குப்பைத் தகடுகளில் ஓட்டி ஓட்டிக் கண்டுபிடித்தவள். திங்கட்கிழமைத் தகடுகள் மட்டும் ஏன் சொத்தையாக வருகின்றன என்று எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, சனிக்கிழமை தேய்த்து வைத்த விளிம்பில் இரண்டு நாளில் மறுபடி ஆக்சைடு பூத்துவிடுகிறது, ஓட்டுவதற்குச் சற்றுமுன்தான் தேய்க்க வேண்டும் என்று சொன்னவள். அதை மீட்டிங்கில் தனசீலன் சொன்னான், கைதட்டினார்கள், போகட்டும், அதற்கெல்லாம் அவள் கோபப்பட்டதில்லை. கோபம் அந்த நான்கு அடிக்குத்தான். பாலுவிடம் ஒருமுறை சொன்னாள். அவர் சாம்பாரைப் பிசைந்துகொண்டே, "தம்பிதான குணா, விடு. வேணும்னா செஞ்சிருப்பான்?" என்றார். வேணும்னு செய்யவில்லை, சரி, செய்துவிட்டதை ஒருநாள் சொல்ல வாய் இல்லையா. ஒரே ஒருநாள், கைகழுவும்போது, டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொடுக்கும்போது, தப்புதான் அண்ணி என்று. பதினான்கு மாதமும் தினம் இரண்டு டப்பா கட்டுகிறாள், ஒன்று தனக்கு, ஒன்று அவனுக்கு. உப்பைக் கூட்டிக் குறைத்துக்கூட அவள் பழி தீர்க்கவில்லை, அது சின்னப்புத்தி. அவனுக்குப் பிடிக்கும் என்று கத்திரிக்காயைத் தணலில் சுட்டுத்தான் மசிக்கிறாள். அவன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்கையில் அந்தத் தொண்டைக்குள் கவளம் இறங்குவதை நின்று பார்ப்பாள். அசிட்டோனில் வெளுத்து வெடித்த விரல்களால் அவனுக்கு மோர் ஊற்றுவாள். அவன் அந்த விரல்களைப் பார்க்க மாட்டான்.

இருபத்தேழு. ரீங்காரம் ஒரே சுதியில் போகிறது. கண்ணாடி அறைக்குள் ஆல்பர்ட் சார் பிஸ்கட்டை டீயில் நனைக்கிறார், தனசீலன் கையை விரித்து விரித்து ஏதோ சொல்கிறான். பஸ் பேட்டரி வைக்கிற தட்டுகளுக்கான ஆர்டர், இந்தத் தகடு தேறினால் புது ஷெட்டுக்கு அவன்தான் மேனேஜர், அவனுக்குப் பார்த்திருக்கிற பெண் வீட்டார்கூட அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். பஸ் என்றதும் அவளுக்குச் சுருக்கென்றது. பஸ்ஸில் ஜனங்கள் உட்கார்வார்கள். சீட்டுக்குக் கீழே பேட்டரி, பேட்டரிக்குக் கீழே இந்தத் தட்டு, தட்டின் அடியில் முடியளவு. இல்லை, அதையெல்லாம் நேற்றே யோசித்தாயிற்று. இது சோதனைத் தகடு, எங்கும் போகாது. பதினொன்றரைக்குப் பட்டை பட்டையாக அறுப்பார்கள், இரண்டு பட்டையை மேல்பக்கம் வெளியே வருகிற மாதிரி வளைப்பார்கள், இரண்டை அடிப்பக்கம் வெளியே வருகிற மாதிரி. அடிப்பக்கம் வளையும்போது வாய் பிளக்கும். யாருக்கும் ஒரு கீறல் விழாது, தனசீலனுக்கு மட்டும் விழும். இவ்வளவு சுத்தமாக ஒரு பழி யாருக்கு அமையும். அந்தப் பட்டை பிளக்கும்போது டப்பென்று வருமா, சரக்கென்று வருமா. அவள் கேட்டதுண்டு, முதலில் ஒன்றும் வராது, வளைந்துகொண்டே போகும், நம்பிக்கை வரும், அப்புறம் துணி கிழிகிற மாதிரி மெல்லிசாக. அப்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். ஷூவைப் பார்ப்பானா. மேனேஜர் கேட்பார், யார் ஓட்டினது. முப்பத்தொன்று. அது அவன் எண். தானே ஓட்டுவதாக அவனே பெயர் கொடுத்திருக்கிறான். ஆனால் பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டானே. பக்கத்தில் நின்றது யார், துடைக்கிறவள். செட்டிங்கை அவதான் தொட்டா சார் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும். சொல்லட்டுமே, தாளில் கையெழுத்து யாருடையது. அந்தத் தாள் இதோ கிளிப் பலகையில் அவள் கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகிறது. அவள் அதை எடுத்து, மறுபடி அந்தச் சுழிப்பைப் பார்த்து, இருந்த இடத்திலேயே மாட்டினாள். பத்திரமாக இருக்கிறது. எல்லாம் பத்திரமாக இருக்கிறது. பிறகு ஏன் இந்த நெஞ்சு இப்படி அடிக்கிறது. ராத்திரி சாப்பாட்டுக்கு வருவானே, அதனாலா. வேலை போய், முகம் செத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காருவானே. உட்காரட்டும். போடுவாள். அன்றைக்கும் கத்திரிக்காய் மசியல்தான் போடுவாள், கேட்காமலே இரண்டாம் முறையும் போடுவாள். அதைவிடப் பெரிய தண்டனை அவளுக்குத் தோன்றவில்லை.

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. சூட்டில் தகட்டின் ஓரம் லேசாக நிறம் மாறியிருந்தது. விளிம்பில் மெல்லிய சுருளாக அலுமினியம் பிதுங்கி வந்தது, அதை நுனிவிரலால் தட்டிவிடலாம் என்று கை போனது, பழைய பழக்கம், பாதியில் நிறுத்திக்கொண்டாள். நன்றாகத்தான் ஓடுகிறது. பின் மட்டும் சரியாக இருந்திருந்தால் எத்தனை அருமையான தகடு இது, சாய்வு அவளுடையது, தேய்ப்பு அவளுடையது, வேகம் அவள் சொன்ன வேகம். இப்படியொரு தகட்டை ஓட்டிப் பதினான்கு மாதமாகிறது. அவளுக்குத் தகட்டின் மேல் பரிதாபமாக இருந்தது, மனிதர்கள் சண்டையில் இது ஏன் கெட வேண்டும். உடனே எரிச்சலும் வந்தது. பரிதாபப்படத் தகடுதான் கிடைத்ததா, அவள் மேல் யார் பரிதாபப்பட்டார்கள். ஐம்பது நெருங்கும்போது கண்ணாடிக் கதவு திறந்தது. இருவரும் வந்தார்கள். தனசீலன் அவளுக்கும் ஒரு கப் டீ கொண்டுவந்திருந்தான். கருவிப் பலகையின் ஓரத்தில் வைத்தான். டீ கொஞ்சம் தளும்பியது.

"சார், இவங்க எங்க அண்ணி" என்றான் ஆல்பர்ட் சாரிடம். "இந்த மெஷின்ல இவங்களுக்குத் தெரியாதது இல்ல. சாய்வு, தேய்ப்பு எல்லாம் இவங்க கண்டுபிடிச்சதுதான். நா சும்மா பேர் வாங்கிட்டேன்."

ஆல்பர்ட் சார் குனிந்து வரிகளைப் பார்த்தார். "நல்லாயிருக்கும்மா" என்றார். "சொன்னாரு. போன வருஷம் ஏதோ பிரச்சினைல அப்ரூவல் போயிடுச்சாமே."

"அதைத்தான் சார் கேக்கறேன்" என்றான் தனசீலன். "ஓட்டுனது இவங்கன்னு பதிஞ்சுக்கலாமா? டெஸ்ட்டுல தேறினா அப்படியே இவங்க நம்பரைத் திருப்பிக் குடுத்துடலாம். தனியா இன்னொரு தகடு ஓட்ட மேனேஜர் விட மாட்டாரு."

"பக்கத்துல நின்னவங்க பேர்ல பதியறதுல எனக்கு ஒண்ணுமில்ல. பாத்துக்கிட்டது அவங்கதானே" என்றார் ஆல்பர்ட் சார்.

தனசீலன் பேண்ட் பையிலிருந்து அவளுடைய பஞ்சை எடுத்தான். காலையிலேயே டிராயரைத் திறந்திருக்கிறான். அதை அவள் பக்கம் நீட்டி, மெஷின் சத்தத்துக்குள் அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "அன்னிக்கு நா பண்ணது தப்பு அண்ணி. ரொம்ப நாளா சொல்லணும்னு" என்றான். அவன் பார்வை ஷூவில் இல்லை. அவள் கைகளின் மேல் இருந்தது, வெளுத்து வெடித்த விரல்களின் மேல்.

ஐம்பத்திரண்டு. பதினான்கு மாதம் அவள் கேட்க ஏங்கிய வாக்கியம் வந்துவிட்டது, கதவைத் தட்டாமல், மிக மோசமான நேரத்தில். இன்னும் எட்டு சென்டிமீட்டர் போனால் இந்தத் தகடு அவளுடையது. பதினேழு அதில் விழும். பதினொன்றரைக்கு அடிப்பக்கம் வளையும், துணி கிழிகிற மாதிரி மெல்லிசாகக் கிழியும், பதினேழு இனி ஒருபோதும் திரும்பாது. அவனுக்குத் தெரிந்திருக்குமோ. பின் குட்டை என்று அவனும் அளந்து பார்த்து, பயந்து, தலையில் விழப்போகிற கல்லை அண்ணி தலைப்பக்கம் தள்ளிவிடுகிறானோ. அப்படியென்றால் அவன் பிசாசு. இல்லை, உண்மையாகவே நெஞ்சு உறுத்தி, ஒரு வருஷம் யோசித்து, தன்னால் முடிந்த ஒரே வழியில் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறானோ. அப்படியென்றால் பிசாசு யார். அவன் முகத்தைப் பார்த்தாள், அன்றைக்கு மகள் சேதி கேட்டு மலர்ந்த அதே முகம், அதை நம்பியதற்குத்தான் அவள் பதினான்கு மாதம் துடைத்தாள். ஐம்பத்துமூன்று. நேற்றே சொல்லியிருந்தால். நேற்றே சொல்லாததற்கு யார் காரணம், அவனா, அவளா, அந்த நான்கு அடியா. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது, ஒரு முடிச்சும் அவிழவில்லை, பின் மட்டும் நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஐம்பத்துநான்கு. வாயைத் திறந்து சொன்னால் போதும். நிறுத்த இரண்டு பட்டன் இருக்கின்றன. மஞ்சளை அமுக்கினால் பின் சுழன்றபடியே மெதுவாக மேலே ஏறி வெளியே வந்துவிடும், தகட்டில் ஒரு குழி மிஞ்சும், அவ்வளவுதான். வேறு பின் மாட்டலாம், வேறு தகடு வைக்கலாம், மன்னிக்கணும் சார் சின்னத் தவறு என்று தனசீலன் சிரித்துக்கொண்டே சொல்லலாம், மதியத்துக்குள் எல்லாம் சரியாகிவிடலாம், அவள் எண்ணும்கூடத் திரும்ப வரலாம். சிவப்பு ஆபத்துக்கானது. அதை அமுக்கினால் எல்லாம் அந்த நொடியே நின்றுபோகும், சுழற்சி நின்றால் அலுமினியம் பின்னைக் கவ்விக்கொண்டு இறுகிவிடும், தகட்டோடு சேர்த்து அறுக்காமல் யாராலும் எடுக்க முடியாது. அறுத்தால், பின்னின் நுனியும் அதன் கீழே ஒட்டாமல் கிடக்கிற கோடும் பாடப்புத்தகத்துப் படம் மாதிரி எல்லாருக்கும் தெரியும். சத்தியம் பண்ண வேண்டாம், கையெழுத்தைக் காட்ட வேண்டாம். யாரும் யாருடைய எண்ணையும் அதன் மேல் அடித்துவிட்டுப் போக முடியாது. இரண்டு பட்டனுக்கும் நடுவில் நான்கு விரல் அகலம். அவள் கையை நீட்டினாள்.

மெஷின் ஒரு முனகலோடு நின்றது. பட்டறை இவ்வளவு பெரிதாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. தூரத்தில் யாரோ சுத்தியல் போடுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் ஆல்பர்ட் சார்.

"பின் குட்டை சார். அஞ்சரைதான் இருக்கு. அடியில ஒட்டியிருக்காது."

"எப்படித் தெரியும்?"

"நேத்து சாயங்காலம் அளந்து பாத்தேன்."

அவர் செட்டப் தாளைப் பலகையிலிருந்து உருவிப் பார்த்தார். தனசீலனைப் பார்த்தார். பிறகு அவளை. "நேத்தே தெரியும்னா ஏன் சொல்லலை?"

"அளந்ததா அவரு கையெழுத்துப் போட்டிருக்காரு. நா தொடைக்கிறவ சார்."

"இதை நான் எழுதித்தான் ஆகணும். அவரு பேரோட உங்க பேரும் வரும்."

"எழுதுங்க சார்."

ஆல்பர்ட் சார் சட்டைப்பையிலிருந்து மார்க்கரை எடுத்து, இறுகி நின்ற பின்னுக்கு நேராகத் தகட்டின் குறுக்கே ஒரு கோடு போட்டார், அங்கே அறுக்கச் சொல்லிவிட்டு மேனேஜர் அறைப் பக்கம் நடந்தார். தனசீலன் போகவில்லை. கருவிப் பலகையை, அதிலிருந்த இரண்டு பட்டனை, பார்த்தான். அவன் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவளைக் கொஞ்சம் ஆட்டியது. அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகிறவன் போலக் கேட்டான்.

"மஞ்சளை அமுக்கியிருந்தா தூக்கியிருக்கும் அண்ணி. வேற பின் போட்டு ஓட்டியிருக்கலாம். பதட்டத்துல மாத்தி அமுக்கிட்டீங்களா?"

குணவதி அவனைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை.

"இல்ல" என்றாள். "பாத்துத்தான் அமுக்குனேன்."